டாக்டருக்கு வாசித்துக் காட்டிய நகைச்சுவை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் ‘பேத்தி வந்த வீடு’ என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். ஊரில் பலர் வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சொன்னார்கள். ஒருவர் அதைத் திருமண வீட்டில் சத்தமாக வாசித்தாராம். நான் எழுதியதிலேயே அதிகம் பாராட்டப்பட்டது அதுதான். என் மகள் நோயாளி ஆகிக்கொண்டிருந்ததை ஒன்று விடாமல் கவனித்து, ஒன்றுகூடப் புரியாமல், எல்லாவற்றையும் சிரிப்பாக மாற்றி உங்களுக்கு அனுப்பியிருந்தேன்.

ஐம்பத்து நாலு வயதில், வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கும் ஒருவன் செய்யக்கூடிய முட்டாள்தனங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: ‘கடல் கடந்து நம்மவர்’ என்ற இந்தப் பக்கத்தில் எழுத எனக்குத் தகுதி கிடையாது. நான் கடந்தது செங்கோட்டைக் கணவாயை மட்டும். மலேசியாவிலிருந்து வழக்கமாக எழுதுபவர் ஒரு மாதம் கட்டுரை அனுப்பாததால் ஆசிரியர் என்னைப் பிடித்துப் போட்டார். கொச்சியில், மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் வாங்கி விற்கிற கடையில் வேலைக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தெட்டு வருஷம். விசா கேட்காத வெளிநாடு. ஆனாலும் வெளிநாடுதான். என் மனைவி மைமூனுக்குத் தமிழும் குர்ஆனும் படிக்கத் தெரியும், மலையாளம் ஒரு எழுத்து தெரியாது. மகள் ஷமீனா இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவாள். நான் எழுதியது எதையும் அவள் படித்ததில்லை. அதைப் பற்றியும் ஒருமுறை நகைச்சுவையாக எழுதியிருக்கிறேன்.

2

அந்தக் கட்டுரையில் என்ன இருந்தது என்பதை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது சிரிப்பு வருகிறதா பாருங்கள்.

தலைப்பிரசவத்துக்கு ஷமீனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை அன்சார் ஷார்ஜாவில். அவன் வீடு பக்கத்தில்தான், பள்ளுருத்தி. பெண் குழந்தை. ஏழாம் நாள் ஹனா என்று பேர் வைத்தோம். நாற்பது நாளும் வேது குளியல், லேகியம், பூண்டுக் குழம்பு எல்லாம் முறைப்படி நடந்தது. இனி நான் எழுதியது:

‘என் மகள் தன் குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “அது அழுவுது”, “அது முழிச்சிருச்சு” என்கிறாள். யாரோ தவறான விலாசத்தில் பார்சலை இறக்கிவிட்டுப் போன மாதிரி.’

‘எங்கள் வீட்டு அரிவாள்மணை நாடு கடத்தப்பட்டுவிட்டது. அது கண்ணில் படக் கூடாதாம். இப்போது அது பக்கத்து வீட்டு மேரிச் சேச்சியிடம் அகதியாக இருக்கிறது. மத்தி வாங்கினால் நாங்கள் அங்கே போய் வெட்டிக்கொண்டு வருகிறோம்.’

‘மொட்டை மாடிக்குப் பூட்டுப் போடச் சொன்னாள். போட்டோம். சாவியை உம்மாவிடம் கொடுத்து, “எங்க வச்சிருக்கீங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க” என்றாள். பூட்டச் சொன்ன ஆளுக்கே சாவி இருக்கும் இடம் தெரியக் கூடாதாம். இப்படி ஒரு ஜெயில் சூப்பிரண்டு எந்த நாட்டிலாவது உண்டா? துணியெல்லாம் கூடத்தில் காய்கிறது. என் வேட்டியை விலக்கிக்கொண்டுதான் நான் சாயா குடிக்கப் போகிறேன்.’

இதைத்தான் திருமண வீட்டில் வாசித்திருக்கிறார்கள்.

3

பத்திரிகை வந்த நாலாம் நாள் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு போன் வந்தது. கமலா சிஸ்டர் என்று சொன்னார். நம்மூர்ப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர். பாராட்டப் போகிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“தம்பி, படிச்சேன். எங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு.”

“சந்தோஷம்மா.”

“நான் சிரிக்கல. அந்த மாடிச் சாவி விஷயம் நெசமா, நீங்களா எழுதினதா?”

“நெசந்தான்.”

“அரிவாள்மணை?”

“அதுவும் நெசந்தான்.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

“பிள்ளை இப்ப எங்க இருக்கு?”

“உள்ள, ரூம்ல.”

“கூட யாரு?”

“அவ அம்மா மீன் வெட்டப் போயிருக்கா. குழந்தையும் அவளுந்தான்.”

“போனை வச்சிட்டுப் போய்க் கூட இருங்க. அவங்க அம்மா வந்த பெறகு என்கிட்ட பேசுங்க. போங்க.”

இருபது அடி தூரம் இருக்கும் அந்த அறைக்கு. ஷமீனா தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். குழந்தை தூங்கியது. அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பாசம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“என்ன வாப்பா? கடைக்குப் போகலியா?”

“ஃபேன் சத்தம் போடுதுன்னு உம்மா சொன்னா. அதைப் பாக்க வந்தேன்.”

ஃபேனில் ஒரு சத்தமும் இல்லை. மைமூன் மீன் சட்டியோடு திரும்பும் வரை நான் அந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஷமீனா மறுபடி தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு சிஸ்டரிடம் பேசினேன். மனநோய் டாக்டரிடம் உடனே கூட்டிப் போகச் சொன்னார். “பிரசவத்துக்குப் பெறகு இது வரும் தம்பி, நான் எத்தனையோ பாத்திருக்கேன். பேய் பிசாசுன்னு யார் கையிலயும் குடுத்துராதீங்க. போகும்போது அந்தப் பத்திரிகையைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. எப்பப்ப என்ன ஆச்சுன்னு டாக்டர் கேப்பாங்க. நீங்கதான் வரிசையா எழுதி வச்சிருக்கீங்களே.”

4

எறணாகுளத்துக்குப் படகில் போனால் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். ஷமீனா படகு ஜெட்டிப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றாள். “எனக்கு வய்யா வாப்பா, தண்ணி வேண்டாம்.” ஆட்டோ பிடித்தோம். தோப்பும்படிப் பாலம் ஏறும்போது குழந்தையைத் தன் மடியிலிருந்து தூக்கி மைமூனிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பாலம் இறங்கிய பிறகும் விடவில்லை. கீழே மீன்பிடிப் படகுகள் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தன. நான் அவற்றை எண்ணிக்கொண்டு போனேன். வேறு எதையும் நினைக்காமல் இருக்க அது ஒரு வழியாக இருந்தது.

சீட்டுப் பதிகிற இடத்தில் எந்த டாக்டர் என்று கேட்டார்கள். நான் மெதுவாகச் சொன்னேன். சீட்டு எழுதுகிற சேட்டனுக்குக் கேட்கவில்லை. இன்னும் மெதுவாகச் சொன்னேன். அவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லி, “அதானோ?” என்றார். மைமூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பள்ளுருத்தி ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவள் கண் தேடியது. நோயாளியின் ஊர் எது என்றார். மட்டாஞ்சேரி என்றேன். என் மலையாளத்தைக் கேட்டுவிட்டு, “ஒறிஜினல் ஊரு?” என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு விதவிதமான பதில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஊர்ப் பேரை மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

5

டாக்டர் ஒரு பெண்மணி, நாற்பதை ஒட்டிய வயது. மேசையில் சாயா ஆறிக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று கேட்டார். “நாப்பது கழிஞ்சு” என்றாள் மைமூன். நான் அதற்கும் முன்னாலே என்றேன். ஷமீனா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். நான் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தேன்.

“டாக்டர், இதில எல்லாம் இருக்கு. நான் எழுதினது.”

“தமிழல்லே? வாசிச்சு மலையாளத்தில் பறஞ்ஞோளூ, சார்.”

என் நகைச்சுவையை நானே மொழிபெயர்த்து, சம்பந்தப்பட்டவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தொடங்கினேன். பார்சலைச் சொன்னேன். எழுதுகிறவன் புத்தி போகாது. அந்த வரி முடிந்ததும் வழக்கமான இடைவெளி விட்டுவிட்டேன், சிரிப்புக்காக. டாக்டர் எழுதிக்கொண்டே, “என்னிட்டு?” என்றார். அப்புறம் என்ன என்று அர்த்தம்.

அரிவாள்மணை அகதியானதைச் சொன்னேன். “என்னிட்டு?”

மொட்டை மாடியைச் சொன்னேன். ஜெயில் சூப்பிரண்டுக்கு மலையாளத்தில் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மோளே, ஆரைப் பேடிச்சிட்டா பூட்டச் சொன்னது?”

யாருக்குப் பயந்து பூட்டச் சொன்னாய் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை நான் எழுதும்போதே கேட்டிருக்கலாம். வீட்டில்தான் இருந்தேன்.

ஷமீனா மலையாளத்தில் சொன்னாள்: “என்னைத்தான்.”

மைமூனுக்கு மலையாளம் படிக்கத் தெரியாதே தவிரக் காது நன்றாகக் கேட்கும். குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு ஷமீனாவே சொன்னாள், கடையில் சாமான் பட்டியல் சொல்கிற குரலில். குளிப்பாட்டத் தூக்கினால் கை விட்டுவிடுமோ என்று தோன்றும். மாடிக்குப் போனால் கைப்பிடிச் சுவர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அப்படிச் செய்ய ஆசையில்லை, செய்துவிடுவேனோ என்றுதான் பேடி. குழந்தை தூங்கும்போது மூச்சு நின்றுவிடும் என்று உறுதியாகத் தெரியும், அதனால் எண்ணுகிறேன். எண்ணிக்கொண்டிருக்கும் வரைக்கும் நிற்காது. எத்தனை நாளாக? பிறந்ததிலிருந்து.

நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். பால் கொடுக்கிறவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரைதான், குழந்தையையும் பார்த்துக்கொள்வோம் என்றார். தொடக்கத்தில் வயிறு புரட்டும், தலை வலிக்கும். மனசு மாற வாரங்கள் ஆகும். நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. எண்ணம் மோசமானால் அந்த நிமிஷமே வர வேண்டும். அவளைத் தனியாக விடக் கூடாது, மாத்திரை உம்மாவின் கையில் இருக்க வேண்டும். குடிக்கிறதா வேண்டாமா என்பது ஷமீனாவின் முடிவு என்றார். ஒரு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை எடுப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

ஷமீனா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இதைக் குடிச்சா பேடி போகுமா?”

“குறையும் மோளே.”

“பின்னே குஞ்ஞை ஆரு நோக்கும்?”

பயம் போய்விட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது. மூன்று பெரியவர்கள் அந்த அறையில் இருந்தோம். அவள் எங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

6

ஐந்து நாள் அந்த அட்டை பிரிக்கப்படாமல் மைமூனின் இடுப்பில் இருந்தது.

மைமூனுக்கு இரண்டு பயம். ஒன்று பால். “டாக்டர் சொல்லும். நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா டாக்டரா வந்து தூக்கும்?” இன்னொன்று பள்ளுருத்தி. பைத்திய மாத்திரை குடிக்கிறாள் என்ற சொல் பாலம் எதுவும் ஏறாமல் நேரே அந்த வீட்டுக்குப் போய்விடும். அன்சார் ஷார்ஜாவிலிருந்து பேசினான். நல்ல பையன். “மாமா, அவளுக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்க” என்றான். எது நல்லது என்று தெரிந்தால் அவனுக்கு ஏன் போன் போடப் போகிறேன்? லீவு கேட்டிருக்கிறான், கிடைக்கவில்லை. போனில் அழுதான்.

என் பங்குக்கு நான் படித்தேன். படிப்பது எனக்கு வேலை செய்வது மாதிரி இருக்கும். மாத்திரைக்குச் சாதகமாக ஒரு மணி நேரம், எதிராக ஒரு மணி நேரம் ஷமீனாவிடம் பேசினேன். காலையில் குடிக்கச் சொன்னேன், மத்தியானம் யோசிக்கச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாளா என்று உள்ளுக்குள் எனக்கு ஓர் ஆசை இருந்தது. குடித்துவிட்டால் அது நோய் என்று ஆகிவிடும். நோய் என்றால் நான் எழுதியது என்ன?

நான் பேசும்போதெல்லாம் அவள் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நாளில் அவள் முகம் ஒட்டிப் போயிற்று. சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பாள். மேரிச் சேச்சி எட்டிப் பார்த்து, “கொச்சு நல்ல கொழுத்தல்லோ” என்று குழந்தையை மெச்சியபோது, “ஆமா, நான் இல்லாட்டியும் வளரும்” என்றாள், சாதாரணமாக. சேச்சி சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்க எனக்குத் தகுதியில்லை. மைமூன் அன்று முதல் கழிவறைக் கதவைக்கூடத் தாழ் போட விடவில்லை.

7

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். துணியை ஒரு பெட்டியில் எடுத்து வைத்திருந்தோம், தங்கச் சொன்னால் தங்குவதற்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அவள் அறைக்குப் போய்த் தொட்டிலுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை என்னிடம் பிரசங்கம் எதுவும் மிச்சமில்லை.

“நான் எண்ணுறேன். நீ கொஞ்சம் படு.”

“உங்களுக்குத் தெரியாது.”

“சொல்லிக் குடு.”

சொல்லிக் கொடுத்தாள். நெஞ்சைப் பார்க்கக் கூடாது, துணி அசைவது ஏமாற்றும். வயிற்றைப் பார்க்கணும். நூறு வரைக்கும் எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து. சில சமயம் குழந்தை வேகமாக மூச்சு விட்டு, கொஞ்சம் நிறுத்தி, பிறகு விடும். “அந்த இடத்துல பேடிக்கக் கூடாது, எண்ணுறதை விடக் கூடாது” என்றாள். ஒரு வேலையை இவ்வளவு ஒழுங்காக எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. என்னை நம்பாமல்தான் படுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எண்ணினேன். தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சின்ன வயிறு ஏறி இறங்கியது. நூறும் நூறும் நூறுமாகப் போயிற்று. அந்த மத்தியானம் முழுக்க நான் என் மகளின் இடத்தில் இருந்தேன். அவள் சுமந்ததை வாங்கிச் சுமந்தேன். என் வாழ்நாளில் இப்படிக் கண் இமைக்காமல் எதையும் பார்த்ததில்லை. ஐந்து மணிக்கு ஷமீனா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். அடுக்களைக்குப் போய் மைமூனிடம் கை நீட்டினாள். மைமூன் அறை வாசலில் வந்து நின்ற என்னைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டினேன். இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு ஷமீனா திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாம் என்றார். பெட்டி வீட்டுக்கு வந்தது.

8

அற்புதம் நடந்தது என்று எழுத மாட்டேன். முதல் வாரம் வாந்தி எடுத்தாள். இரண்டாவது வாரம் எதற்கும் பிரயோஜனமில்லை என்று அட்டையைத் தூக்கி எறிந்தாள். மைமூன் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து எடுத்தாள். பால் கெடும் என்று பயந்த அதே மைமூன். பள்ளுருத்திக்கு விஷயம் போகத்தான் செய்தது. மாமியார் வந்தார், இரண்டு நாள் இருந்தார், குழந்தையைப் பார்த்துக்கொண்டார், பைத்தியம் என்ற அந்தச் சொல்லைச் சொல்லாமலே திரும்பிப் போனார். நான்காவது வாரம் மீன் கறியில் புளி கூடிப் போச்சு என்று ஷமீனா குறை சொன்னாள். மைமூன் அடுக்களையில் நின்று அழுதாள்.

இப்போதும் சில நாள் காலையில் அவள் முகம் அந்தப் பழைய முகமாக இருக்கும். அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். இன்னும் மாதக்கணக்கில் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் அவளைத் தனியாக விட்டுக் கடைக்குப் போவதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். எழுதி முடித்ததும் மலையாளத்தில் வாசித்துக் காட்டினால் சொல்கிறேன் என்றாள். நேற்றுக் காலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். சிஸ்டரின் போன் வந்த இடத்தைக் கேட்டபோது தலை குனிந்தாள். நான் கண் இமைக்காமல் எண்ணிய ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நானே என் குரலில் கொஞ்சம் நெகிழ்ந்துபோனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அது அப்படியில்ல வாப்பா. பத்து நிமிஷத்துல நீங்க ஒறங்கிட்டீங்க, கொறட்டை வேற. நான் திரும்பிப் பார்த்தேன். ஆரும் எண்ணல. ஹனா அவ பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டிருந்தா. அப்பத்தான் மாத்திரை குடிக்கலாம்னு தோணிச்சு.”